புதிய 'கோஸ்ட் இன் த ஷெல்' வருவதற்குள் பழையதில் எதைப் பார்ப்பது?

மனித உடம்பும் கணினியும் கலந்துபோன எதிர்காலத்தைச் சொல்லும் சைபர்பங்க் அனிமேக்களின் ரசிகர்கள் பல வருடங்களாகக் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். 'அகிரா'வைப் புதிய அனிமேவாக எடுக்கப்போகிறோம் என்று அதைப் படைத்த கட்சுஹிரோ ஓட்டோமோ 2019-ல் அறிவித்தார். 'சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்' இரண்டாம் தொடர் வருகிறது என்று 2025 ஜூலையில் சொன்னார்கள், நகரம் அதேதான், ஆட்களும் கதையும் வேறு. இவற்றோடு, 'கோஸ்ட் இன் த ஷெல்' மறுபடியும் டிவி தொடராக வருகிறது. சயின்ஸ் சாரு ஸ்டுடியோவின் தயாரிப்பு, மோகோச்சான் இயக்கம், எழுத்து தோ எஞ்ஜோ. 2026 ஜூலையில் ஒளிபரப்பு என்று அறிவிப்பு.

அறிவிப்பு வந்ததுமே வழக்கமான சண்டையும் வந்துவிட்டது. "1995 படத்திலேயே உச்சத்தைத் தொட்டாயிற்று, இனி எதற்கு?" என்று ஒரு கூட்டம். "மூலமான மங்காவை (ஜப்பானிய காமிக்ஸ்) உள்ளபடி இதுவரை ஒருவரும் எடுக்கவில்லை, இப்போதாவது எடுக்கட்டும்" என்று இன்னொரு கூட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில், இதுவரை ஒன்றுமே பார்க்காத புது ஆள் மாட்டிக்கொள்கிறார். தேடிப் பார்த்தால் பத்துப் பெயர் வருகிறது: 1995 படம், அதற்கு ஒரு 2.0, 'இன்னொசன்ஸ்', 'ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்', 'செகண்ட் கிக்', 'சாலிட் ஸ்டேட் சொசைட்டி', 'அரைஸ்', 2015 படம், '2045', போதாததற்கு ஒரு ஹாலிவுட் படம். எதில் ஆரம்பிப்பது, எதை விட்டாலும் பரவாயில்லை, இல்லை பேசாமல் புதியதற்கே காத்திருக்கலாமா?

இவற்றை ஒன்றன் பின் ஒன்றாகப் பார்க்க வேண்டிய பாகங்கள் என்று நினைப்பதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். மாசமுனே ஷிரோ 1989-ல் தொடங்கிய மங்கா ஒன்று இருக்கிறது. அதை எடுத்து மமோரு ஓஷீ ஓர் உலகம் கட்டினார், கென்ஜி கமியாமா இன்னொன்று, 'அரைஸ்' குழு மூன்றாவது. ஓர் உலகத்தில் நடந்தது அடுத்ததில் நடக்கவே இல்லை. 'செக்‌ஷன் 9' என்ற போலீஸ் சிறப்புப் பிரிவின் செயற்கை உடம்பு அதிகாரி மேஜர் மோட்டோகோ குசனாகி, அவளுடைய சகாக்கள் பாட்டோ, டோகுசா, தலைவர் அராமாகி என்று ஆட்கள் மட்டும் எல்லாவற்றிலும் உண்டு. புதிய தொடரும் இப்படி மங்காவிலிருந்து நேராகக் கிளம்பும் இன்னொரு உலகம்தான். எனவே "முந்தைய பாகம் பார்க்காவிட்டால் கதை புரியாதே" என்ற பயம் வேண்டாம். எந்தக் கதவு வழியாக நுழைகிறோம் என்பதுதான் கேள்வி. அது சின்ன விஷயமில்லை. முதலில் பார்க்கும் மேஜர்தான் அப்புறம் வரும் எல்லா மேஜருக்கும் அளவுகோல் ஆகிவிடுகிறாள்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது நேரம்: ஒரு மாலையா, ஒரு மாதமா. இரண்டாவது, வேறு எதையும் பார்க்காமலே அது தனியாக நிற்குமா. மூன்றாவது, அதில் இருக்கும் மேஜர் எப்படிப்பட்டவள்: அமைதியானவளா, அதிகாரியா, கேலி பேசுகிறவளா. நான்காவது, புதிய தொடருக்குத் தயாராக அது எவ்வளவு உதவும். ஐந்தாவதைப் பெரும்பாலானவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை: அதை முதலில் பார்ப்பதால் பின்னால் எதை இழக்கிறோம்.

| எது | எவ்வளவு நேரம் | தனியாக நிற்குமா | யாருக்கு |
|---|---|---|---|
| 1995 படம் | 80 நிமிடத்துக்குச் சற்று மேல் | நிற்கும் | ஒரே ஒரு மாலை மட்டும் இருப்பவருக்கு |
| ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ், முதல் தொடர் | 26 அத்தியாயம், சுமார் 11 மணி நேரம் | நிற்கும் | பெரும்பாலானவர்களுக்கு |
| மங்கா, முதல் தொகுதி | சுமார் 350 பக்கம் | நிற்கும் | புதிய தொடருக்காகவே காத்திருப்பவருக்கு |
| அரைஸ் | நான்கு சிறு படங்கள், அப்புறம் 2015 படம் | ஓரளவு | மற்றதை எல்லாம் முடித்தவருக்கு |
| 2045 | 24 அத்தியாயம் | நிற்காது | கமியாமாவின் உலகம் பிடித்துப்போனவருக்கு |

## 1995 படம்

யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சொல்வதில் நியாயமும் இருக்கிறது. புரொடக்‌ஷன் ஐ.ஜி தயாரிப்பு, கசுனோரி இட்டோவின் திரைக்கதை, கென்ஜி கவாயின் இசை. மங்காவில் அங்கங்கே சிதறிக் கிடந்த, மற்றவர் மூளைக்குள் நுழையும் மர்ம ஹேக்கர் 'பப்பெட் மாஸ்டர்' கதையை மட்டும் உருவி எடுத்து, மற்றதையெல்லாம் ஓஷீ தள்ளிவிட்டார். அதனால்தான் படம் இவ்வளவு சிறியது, இவ்வளவு இறுக்கமானது.

படத்தில் ஒரு குப்பை லாரித் தொழிலாளி வருகிறார். மனைவி விவாகரத்து கேட்கிறாளாம், மகளைப் பார்க்க விடமாட்டேன் என்கிறாளாம். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, யாரோ கொடுத்த புரோகிராமை வைத்து அவள் மூளைக்குள் நுழையப் பார்க்கிறார். வண்டி ஓட்டும் கூட்டாளியிடம் இந்தக் கஷ்டத்தையெல்லாம் கொட்டுகிறார். பிடிபட்ட பிறகு, விசாரணை அறையில் விஷயம் உடைகிறது: அவருக்கு மனைவியும் கிடையாது, மகளும் கிடையாது. குடியிருப்பது தனியாள் அறை. மகளின் போட்டோ என்று அவர் நம்பிக்கொண்டிருந்ததில் இருப்பது அவரும் ஒரு நாயும்தான். யாரோ திணித்த நினைவுகள். இந்தப் பொய் நினைவுகளையாவது எடுத்துவிட முடியாதா என்று கேட்கிறார். அதற்கும் முழுசாக வழியில்லை என்கிறார்கள். கண்ணாடிக்கு மறுபக்கம் மேஜர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய உடம்பில் மூளையைத் தவிர எல்லாமே தயாரிக்கப்பட்டது. என் நினைவுகள் மட்டும் என்னுடையவை என்று எப்படித் தெரியும் என்ற கேள்வியை அவள் வாயால் கேட்க வைக்காமல், நம்மைக் கேட்க வைக்கிறார் ஓஷீ.

பாதிப் படத்தில் கதை அப்படியே நின்றுவிடுகிறது. மூன்று நிமிடம் போல வசனமே இல்லை. ஹாங்காங்கைப் பார்த்து வரைந்த ஒரு நகரம், வாய்க்கால், மழை, சீன எழுத்துப் பலகைகள், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள். படகில் போகும் மேஜர் நிமிர்ந்து பார்த்தால், மேலே ஒரு கஃபே ஜன்னலில் அவளுடைய அதே முகத்தோடு இன்னொரு பெண். இந்த மூன்று நிமிடத்துக்காகவே படத்தை முடிந்தவரை பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்வேன். போனில் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற படம் இல்லை இது.

சரி, விலை என்ன? இந்த மேஜர் அதிகம் சிரிக்க மாட்டாள். கண்ணைக்கூட அபூர்வமாகத்தான் சிமிட்டுவாள். பொம்மை போல் தெரிய வேண்டும் என்று ஓஷீ தெரிந்தே செய்தது. இவளை முதலில் பார்த்துவிட்டால், அடுத்து வரும் எந்த மேஜரும் "இவள் மேஜரே இல்லையே" என்று தோன்றும். புதிய தொடரின் முன்னோட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்களில் பலர் இந்தக் கதவு வழியாக வந்தவர்கள் என்பது என் கணிப்பு. உருண்டை முகமும் துறுதுறுப்பும் அவர்களுக்குப் புதுசாகத் தெரிகின்றன. உண்மையில் அவைதான் பழசு, 1989-ல் ஷிரோ வரைந்தவை. 1995 படம்தான் மூலத்திலிருந்து மிகவும் விலகிப்போனது. அந்த விலகல்தான் அதன் பெருமையும்கூட.

இன்னொரு விலை: 'மேட்ரிக்ஸ்' உள்பட அப்புறம் வந்த எத்தனையோ படங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டன. அவற்றில் வளர்ந்தவர்களுக்கு, பச்சை எழுத்துகள் ஓடும் தொடக்கமும் பின்கழுத்தில் செருகும் கேபிளும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். அதைத் தாண்டி உள்ளே போகக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2008-ல் ஓஷீயே இதற்கு 2.0 என்று ஒரு பதிப்பு வெளியிட்டார். சில காட்சிகளைக் கணினி வரைகலையில் மாற்றி, பச்சை நிறத்தை ஆரஞ்சாக்கி, பப்பெட் மாஸ்டரின் ஆண் குரலை எடுத்துவிட்டுப் பெண் குரல் வைத்தார். கட்டடத்தின் மேல் நிற்கும் மேஜர் வீடியோ கேம் பாத்திரம் போலத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், அது 2.0. கையால் வரைந்த மேஜரும் கணினி மேஜரும் மாறி மாறி வருவது முதல் முறை பார்ப்பவருக்கு வெறும் இடைஞ்சல். நல்லபடியாக முடிந்ததை மறுபடி மெருகேற்றப் போனால் என்ன ஆகும் என்பதற்கு, மறுஆக்க விவாதத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2004-ல் வந்த 'இன்னொசன்ஸ்' மட்டும்தான் இந்தப் படத்தின் நேரடித் தொடர்ச்சி. கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன படம். பாட்டோதான் நாயகன், மேஜர் பெரும்பாலும் இல்லாதவளாகவே இருக்கிறாள். வசனத்தில் மேற்கோள் மேல் மேற்கோளாக வரும், வசன வரியைப் படித்து முடிப்பதற்குள் காட்சி போய்விடும். முதல் படத்தை முடித்த கையோடு போடாதீர்கள். சில மாதம் விட்டுப் பாருங்கள்.

## ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்

என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் நுழைய வேண்டிய கதவு இதுதான். 2002-ல் தொடங்கியது. இயக்கம் கென்ஜி கமியாமா, இசை யோகோ கன்னோ, தொடக்கப் பாட்டில் ஒரிகாவின் ரஷ்யக் குரல். இந்த உலகத்தில் பப்பெட் மாஸ்டர் வரவே இல்லை. மேஜர் செக்‌ஷன் 9-லேயே இருந்து வழக்கு வழக்காகப் பார்க்கிறாள்.

ஓஷீ ஒரு பெண்ணின் தலைக்குள் போனார் என்றால், கமியாமா ஒரு நாட்டுக்குள் போகிறார். எல்லோர் மூளையும் நெட்வொர்க்கில் இருக்கும் நாட்டில் மந்திரி எப்படிப் பொய் சொல்வார், மருந்து கம்பெனி எதை மறைக்கும், போலீஸ் தன் ஆளையே எப்படி வேவு பார்க்கும்? முதுகெலும்பாக ஓடும் 'லாஃபிங் மேன்' வழக்கு ஒரு கம்பெனித் தலைவரின் கடத்தலில் தொடங்குகிறது. அங்கிருந்து, வேலை செய்யும் தடுப்பு மருந்தைத் தள்ளிவிட்டு லாபம் தரும் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்த கதைக்குப் போய்ச் சேர்கிறது. அப்புறம் அந்தக் குற்றவாளியைப் பார்த்து, அவனைத் தெரியாதவர்கள்கூட அவனைப் போலவே செய்ய ஆரம்பிக்கிறார்கள். மூலம் எது, நகல் எது என்று பிரிக்க முடியாமல் போகிறது. சமூக ஊடகங்கள் பரவுவதற்கு முன்பே எழுதிய கதை இது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் உடம்பு சிலிர்க்கும்.

ஆனாலும் தொடரின் உயிர் பெரிய வழக்கில் இல்லை, தனி அத்தியாயங்களில் இருக்கிறது. இரண்டாவது அத்தியாயத்தைப் பாருங்கள். சோதனைக் களத்திலிருந்து ஒரு ராணுவ டாங்கி தப்பி ஓடுகிறது. அதை வடிவமைத்த பொறியாளர் ஒரு வாரத்துக்கு முன்புதான் இறந்திருக்கிறார். சிறு வயதிலிருந்தே நோயாளி. செயற்கை உடல் இருந்தால் பிழைத்திருப்பார். பெற்றோரின் மதம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவருடைய மூளைதான் இப்போது டாங்கிக்குள் இருக்கிறது, டாங்கி போய்க்கொண்டிருப்பது அந்தப் பெற்றோர் வீட்டுக்கு. பழிவாங்கத்தான் போகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வீட்டு வாசலில் வைத்து மேஜர் அந்த மூளையைக் கருக்கிவிடுகிறாள். அந்தக் கணத்தில் அவன் மனம் அவளுக்குள் ஓடுகிறது: அம்மா, இந்த இரும்பு உடம்பில் நான் எப்படி இருக்கிறேன், பார். அவன் அதைக் கோபத்தோடு காட்ட வந்தானா, ஆசையோடு காட்ட வந்தானா? மேஜருக்குத் தெரியவில்லை, நமக்கும் தெரியாது. இருபத்தைந்து நிமிடம்தான், முடிந்துவிட்டது.

இந்த அத்தியாயம் உங்களை அசைக்கவில்லை என்றால் தொடரை விட்டுவிடலாம், மீதியும் அசைக்காது. என் சோதனை இதுதான்: முதல் மூன்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டச்சிகோமாக்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். பேசும், கேள்வி கேட்கும், குழந்தைக் குரலில் வாதாடும் நீல நிற நாலுகால் டாங்கிகள். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் ஒன்று யாரிடமும் சொல்லாமல் வெளியே போய், தொலைந்த நாயைத் தேடும் ஒரு சிறுமியோடு ஊரைச் சுற்றுகிறது. சாவு என்றால் என்ன என்று ஓர் இயந்திரம் கற்றுக்கொள்வதை இவ்வளவு லேசாக, இவ்வளவு வலிக்க வலிக்க வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு டச்சிகோமா என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இதற்கும் விலை உண்டு. பதினோரு மணி நேரம் என்பது முதல் தொடர் மட்டும்தான். பிடித்துப்போனால் 'செகண்ட் கிக்' இன்னொரு 26 அத்தியாயம், அதற்கு மேல் 2006-ன் 'சாலிட் ஸ்டேட் சொசைட்டி' படம். நிறையப் பேச்சு: அமைச்சகங்கள், கமிட்டிகள், யாருக்கு யார் மேலதிகாரி என்ற விவகாரங்கள். வசன வரி படித்துப் பார்ப்பவர் ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் போனால் தலை சுற்றும். அலுவலகத்திலும் மேஜர் நீச்சலுடை போன்ற ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிவது அப்போதும் உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று, லாஃபிங் மேன் வழக்கை மட்டும் இரண்டரை மணி நேரத்துக்குச் சுருக்கிய தொகுப்பைப் பார்க்காதீர்கள். வழக்கு புரியும். ஆனால் தனி அத்தியாயங்கள் போய்விடும். டச்சிகோமாக்கள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வதே அங்கேதான். வளர்வதைப் பார்க்காதவருக்குத் தொடரின் கடைசி அத்தியாயங்கள் தைக்காது.

## மங்கா

புதிய தொடருக்காகவே தயாராகிறீர்கள் என்றால், பழைய அனிமே எதையும்விட இந்த ஒரு தொகுதி உதவும். வெளியான படங்களிலும் முன்னோட்டத்திலும் தெரிவது ஷிரோவின் கோடுதான். ஃபுச்சிகோமாக்களும் வந்துவிட்டன, டச்சிகோமாக்களுக்கு மூத்தவை.

மங்காவின் மேஜர் சத்தம் போட்டுச் சிரிப்பாள், சலித்துக்கொள்வாள், மேலதிகாரியைக் கிண்டல் செய்வாள், விடுமுறையில் கூத்தடிப்பாள். அடுத்த பக்கத்திலேயே ஒருவனைக் கண் இமைக்காமல் சுட்டுவிட்டுப் போவாள். ஃபுச்சிகோமாக்கள் கூடிப் புரட்சி செய்யலாமா என்று கூட்டம் போடும். பக்க ஓரத்தில் ஷிரோ பொடி எழுத்தில் துப்பாக்கி, மூளை, அரசியல், தன் தயக்கம் என்று எதைப் பற்றியாவது குறிப்பு எழுதிக்கொண்டே வருவார். குப்பை லாரித் தொழிலாளி இங்கேயும் இருக்கிறார். ஓஷீயின் படத்தில் இதயத்தைப் பிழியும் அதே சம்பவம், இங்கே வேகமாக ஓடும் ஒரு நாளின் நடுவில் வந்து போகிறது. ஒரே சரக்கை வைத்து இருவர் எவ்வளவு வேறு மாதிரி சமைத்திருக்கிறார்கள் என்பது அந்த இடத்தில் பளிச்சென்று தெரியும்.

இதில் கஷ்டம் வாசிப்புதான். பக்கம் நெரிசல். சண்டைக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார் என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். ஓரக் குறிப்புகளை முதல் வாசிப்பில் தொடவே தொடாதீர்கள். கதையை முடித்துவிட்டு இரண்டாம் முறை அவற்றுக்கென்றே திரும்பி வாருங்கள். வயதுவந்தோருக்கான சில பக்கங்களும் உண்டு, சில பதிப்புகளில் அவற்றை எடுத்துவிட்டார்கள். அவை இல்லாவிட்டால் கதைக்கு நஷ்டம் எதுவுமில்லை. வாங்கும்போது முதல் தொகுதிதானா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டாவதாக வந்த 'மேன்-மெஷின் இன்டர்ஃபேஸ்' வழியாக நுழைந்தவர்கள் அந்தப் பக்கமே திரும்பாமல் போகக்கூடும், அவ்வளவு சிக்கல்.

அனிமே பார்க்கும் ஆர்வத்தில் வந்தவருக்கு மங்காவை முதல் கதவாக நான் சொல்ல மாட்டேன். கவாயின் இசையோ கன்னோவின் இசையோ காதில் ஏறிய பிறகு படித்தால்தான் ருசி கூடும். புதிய தொடரின் முதல் அத்தியாயத்துக்கு முன்னால் படித்திருந்தால் போதும்.

## அரைஸ், 2045, ஹாலிவுட்

'அரைஸ்' 2013-ல் தொடங்கியது. மேஜர் செக்‌ஷன் 9-ஐச் சேர்ப்பதற்கு முந்தைய கதை. 1995 படத்தில் சிறுமி மேஜருக்குக் குரல் கொடுத்த மாயா சகாமோட்டோ இங்கே மேஜராகவே பேசுகிறார். கார்னீலியஸின் இசை நன்றாக இருக்கும். பெரிய தொல்லை, ஒரே கதை இரண்டு வெட்டில் கிடைப்பது: நான்கு சிறு படங்களாக ஒன்று, 2015-ல் டிவிக்காகப் பத்து அத்தியாயமாக இன்னொன்று. டிவி வெட்டில் கடைசியாகச் சேர்த்த புதுப் பகுதிதான் 2015 படத்துக்கு வழிவிடுகிறது. இதையெல்லாம் ஒரு புது ஆள் எதற்குத் தலையில் சுமக்க வேண்டும்? மற்றதைப் பார்த்து முடித்த பிறகு, ஆசை இருந்தால் பாருங்கள்.

'2045' நெட்ஃப்ளிக்ஸில் 2020-லும் 2022-லும் இரண்டு பருவமாக வந்தது. முழுக்க முப்பரிமாண வரைகலை. கமியாமாவும் ஷின்ஜி அராமாகியும் சேர்ந்து இயக்கினார்கள். பழைய குரல் நடிகர்கள் திரும்பி வந்தார்கள். பொருளாதாரம் ஓடுவதற்காகவே போரை அணையாமல் வைத்திருக்கும் உலகம் என்ற யோசனை அருமையானது. ஆனால் முகங்கள் மெழுகு பூசியது போல இருக்கின்றன, முதல் பருவம் பாதிக் கதையில் நின்றுவிடுகிறது, ஆட்களை நமக்கு ஏற்கெனவே தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறது. முதலில் பார்த்தால் "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று எழுந்து போய்விடுவீர்கள். கமியாமாவின் முதல் இரண்டு தொடரும் பிடித்தவருக்கு மட்டும்.

ஸ்கார்லெட் ஜோஹான்சன் நடித்த 2017 ஹாலிவுட் படம் 1995-ன் காட்சிகளைக் கடன் வாங்கி, கேள்வியை விட்டுவிட்டது. மேஜர் தொலைத்த கடந்த காலத்தைத் தேடும் சாதாரணக் கதையாகச் சுருங்கிவிட்டது. தவிர்க்கலாம்.

## எதையும் பார்க்காமல் காத்திருந்தால்?

இதுவும் மோசமான வழி இல்லை. ஒப்பிட ஒன்றும் இல்லாமல் புதியதை அப்படியே பார்க்கும் வாய்ப்பு பழைய ரசிகர்களுக்கு இனிமேல் கிடைக்காது. சயின்ஸ் சாரு கதையைத் துணிச்சலாகக் கையாளும் ஸ்டுடியோ. 'டெவில்மேன் க்ரைபேபி'யில் பழைய மங்கா ஒன்றைத் தங்கள் பாணியில் திருப்பி எழுதினார்கள், 'டன்டடன்' எப்படி ஓடியது என்று எல்லோருக்கும் தெரியும். தோ எஞ்ஜோ ஜப்பானின் இலக்கிய விருதான அகுதகவா பரிசு பெற்ற எழுத்தாளர், 'காட்சில்லா சிங்குலர் பாயின்ட்' அனிமேவுக்கும் எழுதியவர். ஷிரோவின் ஓரக் குறிப்புகளைக் கண்டு மிரளாத ஒருவரிடம் எழுத்து போயிருப்பதே எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை.

இங்கே இழப்பது குரல். படத்திலும் கமியாமாவின் தொடர்களிலும் '2045'-லும் மேஜராகப் பேசிய அட்சுகோ தனாகா 2024 ஆகஸ்டில் காலமானார். புதிய தொடரில் கேட்கப்போவது வேறு குரல். அது நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதிகாரமும் களைப்பும் ஒன்றாகக் கலந்த அந்தக் கனத்த குரலைக் கேட்காமல் மேஜரைத் தெரியும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 'ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' தொடரை ஆங்கில ஒலியில் பார்க்க நினைப்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம், மேரி எலிசபெத் மெக்ளின் மிக நன்றாகப் பேசியிருக்கிறார். ஆனாலும் ஒரு அத்தியாயமாவது ஜப்பானிய ஒலியில் கேளுங்கள்.

## அப்போ, என்ன வரிசை?

ஒரு மாலை மட்டும் இருக்கிறது, சினிமாவாக ஒன்று வேண்டும்: 1995 படம், 2.0 அல்லாதது. அத்தோடு நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை.

ஒரு மாதம் இருக்கிறது: முதலில் 'ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' முதல் தொடர், நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு. அப்புறம் படம். இந்த வரிசையில் பார்த்தால், வேலை செய்யும் மேஜரை நன்றாகப் பழகிய பிறகு, அவள் தன்னையே சந்தேகப்படுவதைப் பார்ப்பீர்கள். அந்தப் படகுக் காட்சி அப்போது இன்னும் ஆழமாக இறங்கும். படத்தை முதலில் பார்த்துவிட்டுத் தொடருக்கு வந்தவர்கள் முதல் ஐந்தாறு அத்தியாயத்தை "அந்த அமைதி எங்கே?" என்று தேடியே வீணாக்குகிறார்கள்.

புதியது வரும் வேளையில் நண்பர்களோடு வாதாடத் தெம்பு வேண்டும்: மேலே சொன்ன இரண்டோடு மங்கா முதல் தொகுதி. "மூலத்தை மாற்றிவிட்டார்கள்" என்று சொல்பவரிடம் எந்த மூலம் என்று அப்போது கேட்க முடியும்.

எல்லாவற்றையும் ஏற்கெனவே பார்த்து முடித்துவிட்டு, புதியதன் மேல் கோபத்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு: முதல் அத்தியாயம் வருவதற்கு முன் மங்காவின் முதல் இரண்டு அத்தியாயங்களை மட்டும் மறுபடி புரட்டுங்கள். அரை மணி நேரம் ஆகும். கமியாமாவின் தொடரில் நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் எவ்வளவு விஷயம் ஓஷீயின் படத்தில் கிடையாது, ஓஷீயின் மௌனம் ஷிரோவிடம் கிடையாது என்பது அதற்குள் தெரிந்துவிடும். அப்புறம் தொடரைப் போடுங்கள், மூன்று வாரம் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டுங்கள்.